மாங்கன்று நர்சரியின் ‘ஒரே பக்க’ வலைத்தளம்: மெனுவை அழுத்திப் பார்த்தால்

போச்சம்பள்ளி பக்கம் சந்தூர் என்றாலே இந்த வட்டாரத்தில் மாங்கன்றுதான் ஞாபகம் வரும். அங்கே உள்ள ஒரு நர்சரிக்காக கிருஷ்ணகிரியில் ஒரு டிசைன் கடை செய்து கொடுத்த வலைத்தளத்தைப் பற்றியது இந்த விமர்சனம். இரண்டு பெயரும் இங்கே வேண்டாம். இதே டெம்ப்ளேட்டில் நிறத்தையும் லோகோவையும் மாற்றி வேறு தொழில்களுக்கும் தளங்கள் ஓடுகின்றன, குறைகளும் அப்படியே கூடவே போகின்றன.

தளத்தின் அமைப்பு எளிமையானது. மேலே ஆறு மெனு: முகப்பு, கன்றுகள், விலை, நடவு முறை, வழி, தொடர்பு. ஆறுக்குமான விஷயமும் ஒரே எச்டிஎம்எல் ஃபைலில் (பக்கத்தின் எழுத்தும் அமைப்பும் இருக்கும் ஃபைல்) இருக்கிறது. ஒன்றை அழுத்தினால் ஜாவாஸ்கிரிப்ட் (பிரவுசருக்குள் ஓடும் சிறு நிரல், சுருக்கமாக ஸ்கிரிப்ட்) அந்தப் பகுதியைக் காட்டி மற்ற ஐந்தையும் மறைத்துவிடும். பக்கம் மறுபடி லோடு ஆகாததால், சிக்னல் சுமாராக இருக்கும் இடத்திலும் மெனு சட்டென்று மாறுகிறது. அது உண்மையிலேயே நல்ல விஷயம். எழுத்துரு தெளிவு, படங்கள் நர்சரியிலேயே எடுத்தவை. ‘நடவு முறை’ பகுதியை யாரோ அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள்: குழி 1 மீட்டர் நீள, அகல, ஆழம், இடைவெளி 10 மீட்டருக்கு 10 என்றால் ஏக்கருக்கு 40 கன்று, 5-க்கு 5 என்றால் 160, ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். விற்கிற ஆள் இவ்வளவு சொல்வது அபூர்வம்.

இவ்வளவு நல்ல விஷயத்தை வைத்துக்கொண்டு அதைப் போய்ச் சேர வழியில்லாமல் செய்துவிட்டார்கள் என்பதுதான் வருத்தம்.

பெங்களூரிலிருந்து ஒருவர் போன் போட்டு விலை கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நர்சரிக்காரர் விலைப் பகுதியைத் திறந்து, லிங்க்கை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அந்தப் பக்கம் திறந்தால் வருவது முகப்பு. ஏனென்றால் ‘விலை’யை அழுத்தினாலும் ‘வழி’யை அழுத்தினாலும் முகவரிப் பட்டையில் எதுவும் மாறுவதில்லை. ஆறு மெனுவிலும் இணைப்பு முகவரி வெறும் # மட்டும்தான். ஸ்கிரிப்ட் பிரிவென்ட்டிஃபால்ட் என்ற கட்டளையைப் போட்டு பிரவுசரின் வேலையைத் தடுத்துவிட்டு, தானே பகுதியை மாற்றுகிறது. இதன் அடுத்த விளைவு பேக் பட்டன். விலை பார்த்தவர் கன்றுகளுக்குத் திரும்பலாம் என்று பேக் அழுத்தினால், பிரவுசரின் வரலாற்றில் பதிவே இல்லாததால் நேராக கூகுளுக்கோ வாட்ஸ்அப்புக்கோ போய் விழுகிறார். திரும்பி வருவார் என்று எந்த நிச்சயமும் இல்லை. மெனுவை நீளமாக அழுத்திப் பிடித்து புதிய டேபில் திறந்தாலும் முகப்பேதான்.

இதைச் சரிசெய்ய ஒன்றும் பிரமாதமான வேலை இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஐடி (அடையாளப் பெயர்) கொடுக்க வேண்டும், மெனு இணைப்பில் # குறிக்குப் பின் அந்த ஐடியையே எழுத வேண்டும், பிரிவென்ட்டிஃபால்ட்டை எடுத்துவிட வேண்டும். லிங்க் லிங்க்காகவே நடக்கட்டும். முகவரியும் வரலாறும் தானாகவே மாறும். ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது ஹேஷ்சேஞ்ச் என்ற நிகழ்வைக் கவனித்து, லொக்கேஷன்.ஹேஷில் (முகவரியில் # முதல் வரும் பகுதி) என்ன இருக்கிறதோ அந்தப் பகுதியைக் காட்டுவது மட்டும். இதைச் செய்யும் அதே ஃபங்ஷனை (கட்டளைத் தொகுப்பை) பக்கம் முதலில் திறக்கும்போதும் ஒருமுறை கூப்பிட வேண்டும். இதை விட்டால் பேக் பட்டன் வேலை செய்யும், வாட்ஸ்அப் லிங்க் மட்டும் செய்யாது. ஹேஷ் காலியாக இருந்தாலும், இல்லாத ஐடி வந்தாலும் முகப்பைக் காட்டச் சொல்லி ஒரு வரி சேர்க்க வேண்டும். இல்லையென்றால் தப்பான லிங்க்கில் வருபவருக்கு மெனு மட்டும் தெரியும், கீழே வெறுமை.

இங்கே இரண்டு சின்னச் சிக்கல் வரும். அழுத்திய நேரத்தில் அந்தப் பகுதி மறைந்திருப்பதால் பிரவுசரால் அதற்கு ஸ்க்ரோல் செய்ய முடியாது; பக்கத்தின் கீழ்ப்பாதியில் இருந்தவர் புதிய பகுதியின் நடுவில் போய் நிற்பார். காட்டிய பிறகு ஸ்க்ரோல்இன்டுவியூ (அந்தப் பகுதிக்கே நகர்த்தும் கட்டளை) கூப்பிட வேண்டும். மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் தலைப்புப் பட்டை முதல் வரியை மறைத்தால், பகுதிக்கு ஸ்க்ரோல்-மார்ஜின்-டாப் என்று அந்தப் பட்டையின் உயரத்தைக் கொடுத்தால் தீர்ந்தது. இன்னொன்று, ஐடியைத் தமிழில் வைக்கிற ஆசை. வைக்கலாம், தடை இல்லை. ஆனால் லொக்கேஷன்.ஹேஷ் அதைச் சதவீதக் குறிகளாக மாற்றித்தான் தரும். டீகோட்யுஆர்ஐகம்போனன்ட் போட்டுத் திருப்பாமல் தேடினால் பகுதி கிடைக்காது. ‘விலை’ என்ற நான்கு குறியீடுகள் வாட்ஸ்அப்பில் 36 எழுத்து நீளக் கிறுக்கலாகப் போகும். ஐடியை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்வதே நல்லது.

அடுத்து, ‘வகைகள்’ என்ற உள்பட்டியல். கன்றுகள் பகுதியில் செந்தூரா, பெங்களூரா, அல்போன்சா, பங்கனபள்ளி, மல்கோவா, இமாம் பசந்த் என்று ஒவ்வொரு பெயரையும் அழுத்தினால் விவரம் விரிய வேண்டும். முதல் அழுத்தலில் ஒன்றும் நடப்பதில்லை, இரண்டாவதில்தான் விரிகிறது. டச் சரியில்லை என்று போனைத் திட்டிப் பயனில்லை. ஸ்கிரிப்ட், அந்த எலிமென்ட்டின் (பக்கத்தில் உள்ள அந்தத் துண்டின்) ஸ்டைல்.டிஸ்ப்ளே ‘நன்’ (none, அதாவது மறைந்த நிலை) ஆக இருக்கிறதா என்று கேட்கிறது. ஆனால் மறைத்தது சிஎஸ்எஸ் ஃபைல் (தோற்ற விதிகள் இருக்கும் ஃபைல்), ஸ்டைல்.டிஸ்ப்ளே எலிமென்ட்டிலேயே நேராக எழுதியதை மட்டும்தான் சொல்லும். ஆகவே பதில் காலியாக வருகிறது, ‘ஓ, திறந்திருக்கிறது போல’ என்று நினைத்து ஸ்கிரிப்ட் மறுபடி மறைக்கிறது. இரண்டாவது அழுத்தலில்தான் நிஜமாகவே ‘நன்’ கிடைக்கிறது. கிளாஸ்லிஸ்ட்.டாகிள் கொண்டு ஒரு கிளாஸை (சிஎஸ்எஸ் விதியைப் பொருத்தும் பெயரை) போட்டு எடுத்தாலோ, ஹிடன் பண்பைப் பயன்படுத்தினாலோ இந்தக் குழப்பமே வராது. ஹிடன் போட்டும் மறையவில்லை என்று சிலர் தலையைச் சொறிவார்கள்: அந்தப் பெட்டிக்கு சிஎஸ்எஸ்ஸில் டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ் அல்லது கிரிட் (அடுக்கும் முறைகள்) எழுதியிருந்தால் அதுதான் ஜெயிக்கும். ஹிடன் உள்ள எல்லாவற்றுக்கும் டிஸ்ப்ளே நன், கூடவே இம்பார்ட்டன்ட் (மற்ற விதிகளை முந்தும் குறி) என்று ஒரு விதி எழுதிவிட வேண்டும்.

உண்மையில் இந்த வகைப் பட்டியலுக்கு ஸ்கிரிப்டே தேவையில்லை. டீடெய்ல்ஸ், சம்மரி என்ற இரண்டு எச்டிஎம்எல் குறிகள் விரிப்பதையும் மடக்குவதையும் தாமே செய்யும். எல்லா டீடெய்ல்ஸுக்கும் ஒரே நேம் கொடுத்தால் ஒன்று திறக்கும்போது மற்றது மூடிக்கொள்ளும்; குரோம், சஃபாரி, ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் 2024-க்குள் இது வந்துவிட்டது.

விரியும்போது மெதுவாக இறங்குகிற அனிமேஷனும் வைத்திருக்கிறார்கள், மேக்ஸ்-ஹைட் (அதிகபட்ச உயரம்) 300 பிக்சல் என்று. டெமோவில் இருந்த ஆங்கில வாசகத்துக்கு அது போதுமாக இருந்திருக்கும். இமாம் பசந்த் பற்றிய தமிழ்ப் பத்தி போனில் அதைத் தாண்டுகிறது, கடைசி இரண்டு வரி வெட்டுப்படுகிறது. அதில்தான் எந்த மாதம் காய்க்கும் என்ற தகவல்.

‘வழி’ பகுதியில் லீஃப்லெட் (வரைபடம் காட்டும் ஆயத்த ஸ்கிரிப்ட்) வரைபடம். அழுத்தினால் இடது மேல் மூலையில் ஒரு துண்டு, மீதி சாம்பல் நிறம். பக்கம் லோடு ஆகும்போதே, மறைந்திருக்கிற பெட்டிக்குள் வரைபடத்தை வரைந்துவிட்டார்கள். மறைந்த பெட்டிக்கு அகலம் 0, உயரம் 0. பகுதியைக் காட்டியவுடன் இன்வேலிடேட்சைஸ் கூப்பிட்டால் அது தன் அளவை மறுபடி எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் முதல் முறை திறக்கும்போதுதான் வரைய வேண்டும். இரண்டாவதே மேல், ஏனென்றால் வழி கேட்காதவருடைய டேட்டாவும் மிச்சம். படங்கள் நகரும் ஸ்லைடருக்கும் இதே நோய், இதே மருந்து.

டேட்டா என்றதும் இன்னொன்று. மறைத்துவிட்டால் படம் இறங்காது என்று பலர் நினைக்கிறார்கள். மறைந்த பகுதிக்குள் உள்ள படங்களும் முதலிலேயே இறங்கும். கன்றுகள் பகுதியின் படங்கள் அத்தனையும் முகப்பு பார்க்க வந்தவர் தலையில் விழுகின்றன. ஒவ்வொரு படத்துக்கும் லோடிங் லேசி போட்டால் பகுதி தெரியும்போதுதான் இறங்கும். அகலம், உயரம் இரண்டையும் எழுதினால் படம் வரும்போது எழுத்து குதிக்காது. ஒட்டுக்கட்டும் வீடியோவுக்கு எதிர்ச் சிக்கல்: ஓடவிட்டு வேறு மெனுவுக்குப் போனால் படம் மறைகிறது, சத்தம் நிற்பதில்லை. மறைக்கிற ஃபங்ஷனிலேயே வீடியோவை நிறுத்தவும் ஒரு வரி வேண்டும்.

‘தொடர்பு’ படிவம்தான் பணத்தைத் தொடும் இடம், அதுதான் மோசமாக இருக்கிறது. ‘வீட்டுக்கு’ அல்லது ‘தோட்டத்துக்கு’ என்று தேர்ந்தெடுத்தால் கேள்விகள் மாறும். வீட்டுக்கு என்று தேர்ந்தெடுத்தால் ஏக்கர் கேட்கும் கட்டம் மறைகிறது, ஆனால் அது கட்டாயம் நிரப்ப வேண்டியது என்ற குறி அப்படியே இருக்கிறது. குரோம் அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லிக் காட்டப் பார்க்கும், காட்ட இடமில்லை, படிவத்தை அனுப்பாமல் நிறுத்திவிடும். திரையில் ஒரு எழுத்து எச்சரிக்கை வராது. டெவலப்பர் கன்சோலில் (பிரவுசர் பிழைகளை எழுதும் இடம்) மட்டும் ஒரு வரி விழும். வாடிக்கையாளர் அனுப்பு பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மாறுகிற கேள்விகளை ஒரு ஃபீல்ட்செட்டுக்குள் (கேள்விகளைத் தொகுக்கும் எச்டிஎம்எல் குறி) வைத்து, மறைக்கும்போது அதை டிஸ்ஏபிள் செய்தால் உள்ளே இருப்பது சரிபார்ப்பிலும் வராது, மெயிலிலும் போகாது.

கண் தெரியாதவர்கள் ஸ்கிரீன் ரீடரில் கேட்டால் போன் மெனு தொல்லை. அது ஒப்பாசிட்டி 0 மூலம் மறைக்கப்பட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ரீடர் படிக்கும், கீபோர்டு டேபும் அதற்குள் போய் நிற்கும். டிஸ்ப்ளே நன், விசிபிலிட்டி ஹிடன் இரண்டும் ரீடரிலிருந்தும் மறைக்கும். பின்னது இடத்தை மட்டும் காலியாகப் பிடித்துக்கொள்ளும். மூன்று கோட்டு ஐகானும் டிவ்வாக (வெறும் பெட்டியாக) இருக்கிறது. அதை பட்டனாக்கி, ஏரியா-எக்ஸ்பாண்டட் (மெனு திறந்திருக்கிறதா என்று ரீடருக்குச் சொல்லும் பண்பு) சேர்த்து, ஒரு மெனுவைத் தேர்ந்தெடுத்ததும் தானாக மூடச் சொல்ல வேண்டும். இப்போது தேர்ந்தெடுத்த பிறகும் மெனு திரையை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் எஃப் போட்டு ‘இமாம் பசந்த்’ என்று முகப்பில் தேடினால் 0 என்று வரும், அதே ஃபைலில் பெயர் இருந்தும். ஹிடனுக்கு அன்டில்-ஃபவுண்ட் என்ற மதிப்பு கொடுத்து, மேலே சொன்ன இம்பார்ட்டன்ட் விதியிலிருந்து அதை விலக்கிவிட்டால் தேடும்போது பிரவுசரே அந்தப் பகுதியைத் திறக்கும். குரோமில் 2022 முதல் உண்டு. தெரியாத பிரவுசர் அதைச் சாதாரண ஹிடனாக எடுத்துக்கொள்ளும், நஷ்டம் இல்லை. பிரிண்ட் எடுத்தால் திறந்திருக்கும் பகுதி மட்டும்தான் வரும். பிரிண்டுக்கான சிஎஸ்எஸ்ஸில் எல்லாப் பகுதியையும் காட்டச் சொன்னால் போதும்.

கூகுள் விஷயத்தில் கடைக்காரர் சொல்லும் ‘எஸ்இஓ (தேடலில் மேலே வரச் செய்வது) உண்டு’ என்ற வாக்கைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். மறைந்திருந்தாலும் எச்டிஎம்எல்லில் இருக்கிற எழுத்தை கூகுள் படிக்கும், அது சரி. ஆனால் # குறிக்குப் பின் வருவதை அது தனிப் பக்கமாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆறு மெனுவும் சேர்ந்து ஒரே முகவரி, ஒரே தலைப்பு. நடவு இடைவெளியைத் தேடுகிறவருக்குக் காட்ட அந்த அருமையான பகுதிக்குத் தனி முகவரி இல்லை. நடவு முறையும் விலையும் தனித்தனி எச்டிஎம்எல் ஃபைலாக இருந்திருக்க வேண்டியவை. முகப்பு, வழி, தொடர்பு மூன்றும் ஒரே பக்கத்தில் மறைந்தும் தெரிந்தும் மாறிக்கொண்டிருக்கட்டும்.

மதிப்பெண் 5-க்கு 2. எழுத்துக்கும் படத்துக்கும் அந்த இரண்டு.

இதே டெம்ப்ளேட்டை வாங்கப் போகிறவர்கள் மீதிப் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே போனை எடுத்து, விலைப் பகுதியின் லிங்க்கை இன்னொரு போனுக்கு அனுப்பித் திறந்து பார்க்கலாம், பேக் அழுத்தலாம், படிவத்தின் எல்லாத் தேர்விலும் ஒருமுறை அனுப்பிப் பார்க்கலாம். டொமைன் யார் பெயரில் பதிவாகிறது என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். கடைசியாக பிரவுசர் செட்டிங்கில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டுத் தளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். இந்தத் தளத்தில் அப்படிச் செய்தால் முகப்பைத் தவிர எதுவும் வராது, ஏனென்றால் ஐந்து பகுதிகளையும் சிஎஸ்எஸ் முதலிலேயே பூட்டி வைத்திருக்கிறது. மறைக்கிற வேலையையும் ஸ்கிரிப்டிடமே விட வேண்டும்: தலைப்பகுதியில் ஒரு வரி ஸ்கிரிப்ட் எச்டிஎம்எல் குறிக்கு ஒரு கிளாஸ் சேர்க்கட்டும், அந்த கிளாஸ் இருந்தால் மட்டும் சிஎஸ்எஸ் மறைக்கட்டும். அப்போது ஜாவாஸ்கிரிப்டே ஓடாத போனிலும் ஆறு பகுதியும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும், மெனுவை அழுத்தினால் அந்தந்த இடத்துக்கு இறங்கும். பெரிய ஸ்கிரிப்ட் ஃபைலுக்கு டீஃபர் (பக்கம் முழுதும் உருவான பிறகே ஓடச் சொல்லும் குறி) போட மறக்க வேண்டாம். மெனு உருவாவதற்கு முன்பே ஓடினால் அது தேடுகிற எலிமென்ட் கிடைக்காமல் ‘நல்’ (null, எதுவும் இல்லை) என்று வந்து, முதல் பிழையிலேயே கீழே உள்ள மொத்தமும் நின்றுவிடும்.