ஐ.ஆர்.எஸ் மாதத் தவணை: இரண்டு வருடம் கட்டிய அனுபவம்

கலிஃபோர்னியாவில் ஐ.டி. வேலையில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு இந்தக் கதை புதிதல்ல. சம்பளத்தோடு கம்பெனி தரும் பங்குகள் (ஆர்.எஸ்.யு) கைக்கு வரும்போது மத்திய வரியாகப் பொதுவாக 22 சதவீதம்தான் பிடிக்கிறார்கள். கணவன், மனைவி இருவரும் சம்பாதித்தால் உண்மையான வரி விகிதம் அதைத் தாண்டிவிடும். அந்த வித்தியாசம் ஏப்ரலில் மொத்தமாக வந்து நிற்கும். 2023-ஆம் வருடக் கணக்கில் எங்களுக்கு அது ஏறக்குறைய 14,000 டாலர்.

அதை மாதத் தவணையில் கட்ட முடிவு செய்தோம். ஐ.ஆர்.எஸ் (அமெரிக்க மத்திய வருமான வரித் துறை) தளத்தில் தவணைக்கு விண்ணப்பிப்பது நான் பயந்த அளவுக்கு இல்லை. பாக்கி 50,000 டாலருக்குள் இருந்து, எல்லா வருடக் கணக்கும் தாக்கல் செய்திருந்தால், ஆளோடு பேசாமலே முடிந்துவிடும். வங்கியிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளச் சொன்னதால் எனக்குக் கட்டணம் 31 டாலர். 2024 ஜூலையில் அதை 22 ஆகக் குறைத்துவிட்டார்கள். இதையே போனிலோ தபாலிலோ செய்தால் 107. தேதியையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். சம்பளம் விழுந்த மறுநாளை வைத்துக்கொண்டேன்.

சரி, செலவு? இதை வட்டியில்லாத் தவணை என்று நினைத்துவிடக் கூடாது. 2024 முழுக்க வட்டி 8 சதவீதம், 2025 தொடக்கத்தில் 7. தினமும் கூட்டுவட்டி, குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் தாமத அபராதம் மாதம் 0.5 சதவீதம். கணக்கை நேரத்துக்குத் தாக்கல் செய்தவர்களுக்குத் தவணை நடக்கும் வரை அது 0.25 ஆகப் பாதியாகும். ஆக, வருடத்துக்கு 11 சதவீதம் போல வருகிறது. 14,000-ஐ 72 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 195 டாலர்தான், கேட்க இனிக்கும். ஆனால் முதல் மாதத்தில் அதில் 128 டாலர் வட்டிக்கும் அபராதத்துக்குமே போய்விடும். அதனால் நான் 500 வைத்தேன். போனஸ் வந்தபோதெல்லாம் கூடுதலாகவும் கட்டினேன்; முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது.

என்னைக் கேட்டால், மாதாமாதம் கட்டுவது பெரிய விஷயமே இல்லை, அது தானாகப் போய்விடும். அடுத்த வருடம் புதுப் பாக்கி வராமல் பார்த்துக்கொள்வதுதான் விஷயம். புது வரியைக் கட்டாமல் விட்டால் பழைய ஒப்பந்தமே முறியலாம். பங்குகள் மறுபடி வரத்தானே போகின்றன? தவணை போட்ட கையோடு, சம்பளத்தில் வரி பிடிப்பதற்காகக் கம்பெனிக்குத் தரும் டபிள்யூ-4 படிவத்தில் 4(சி) கட்டத்தை நிரப்பி, ஒவ்வொரு சம்பளத்திலும் கூடுதலாகப் பிடிக்கச் சொன்னோம். இரண்டு பக்கமும் பணம் போன அந்த முதல் வருடம் கை கொஞ்சம் இறுக்கம்தான். ஊர்ப் பயணத்தைத் தள்ளிப்போட்டோம். வீட்டில் அதற்கு இன்னும் பேச்சு வாங்குகிறேன்.

அப்படிக் கூடுதலாகப் பிடித்து ரீஃபண்ட் வந்தாலும் கைக்கு வராது, பழைய பாக்கியில் கழித்துக்கொள்வார்கள். அதைக் காரணம் காட்டி அந்த மாதத் தவணையை நிறுத்தவும் முடியாது.

மாநில வரி பாக்கிக்கு இந்த ஒப்பந்தம் செல்லாது. கலிஃபோர்னியா என்றால் அந்த மாநில வரித் துறையான ஃபிரான்சைஸ் டாக்ஸ் போர்டில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்: 25,000 டாலருக்குள், அதிகபட்சம் 60 மாதம், கட்டணம் 34. ஆறு மாதத்துக்குள் புரட்டிவிட முடியும் என்பவர்களுக்கு ஐ.ஆர்.எஸ்-ஸிலேயே 180 நாள் திட்டம் இருக்கிறது. அதற்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை, வட்டியும் தாமத அபராதமும் மட்டும் வழக்கம்போல ஓடும்.