தேள் தேடுவோருக்கான 365 நானோமீட்டர் டார்ச்: ஒரு மதிப்பீடு

மலைக்காடுகளில் இரவில் தேள்களைத் தேடிப் பதிவுசெய்ய விரும்புவோர் முதலில் வாங்க வேண்டியது, தேள்களை இருட்டில் ஒளிரச் செய்யும் புற ஊதா டார்ச். சந்தையில் இரண்டு வகைகள் கிடைக்கின்றன: 395 நானோமீட்டர் அலைநீள ஒளி தரும் மலிவான டார்ச், 365 நானோமீட்டர் அலைநீள ஒளி தரும், முகப்பில் கருப்பு வடிகட்டிக் கண்ணாடி பொருத்திய, விலை கூடிய டார்ச். மேற்குத் தொடர்ச்சி மலையின் சாலையோரச் சரிவுகளில் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தபின், இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன்.

மலிவான டார்ச்சிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஊதா ஒளி ஏராளமாகக் கசிவதால், பாறை, சருகு, வேர் எல்லாம் ஒரே ஊதாப் பூச்சாகத் தெரிகின்றன; பெரிய நட்டுவாக்காலி அதிலும் தப்பாமல் கண்ணில் படும், ஆனால் விரல் நகத்தளவே உள்ள இளந்தேள்கள் அந்த மங்கலில் மறைந்துவிடும். வடிகட்டி உள்ள டார்ச்சில் சுற்றுப்புறம் இருண்டே இருக்க, தேள் மட்டும் நீலப்பச்சையாகச் சுடர்விடுகிறது. இந்த ஒளிர்வுக்குக் காரணம் அதன் புறத்தோட்டில் உள்ள வேதிப்பொருள்கள். அவற்றுள் ஒன்றான பீட்டா கார்போலினை 1999இல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். அண்மையில் தோலுரித்த தேள் ஒளிராது என்பதால், எவ்வளவு உயர்ந்த டார்ச் வைத்திருந்தாலும் சில தேள்கள் தப்பிவிடும். நிலவொளி மிகுந்த இரவுகளில் பல வகைத் தேள்கள் அதிகம் வெளிவருவதில்லை. இருண்ட இரவுகளே ஏற்றவை.

இக்கருவியை விற்போர் சிலர் புதிய இனங்களையே கண்டுபிடித்துவிடலாம் என்பதுபோல் விளம்பரம் செய்வதை நான் ஏற்கவில்லை. டார்ச் தேளைக் காட்டும். அது எந்த இனம் என்று சொல்லாது. தாய்லாந்தின் தெனாசெரிம் மலைத்தொடரில், கேங் கிராச்சான் தேசியப் பூங்காவில் கிடைத்த யூஸ்கார்பியாப்ஸ் கிராச்சான் என்ற தேளை எடுத்துக்கொள்வோம். பாறைகளுக்கு அடியில் வாழும் அந்தத் தேளை 2024இல் ஆய்வாளர்கள் புதிய இனமாக விவரித்தபோது, அதற்குப் பூங்காவின் பெயரையே வைத்தார்கள். இத்தகைய முடிவுக்கு வர, இடுக்கிக் கைகளில் உள்ள உணர்மயிர்களின் எண்ணிக்கையையும் அமைவிடத்தையும், வயிற்றுப்பக்கச் சீப்பு உறுப்பின் பற்களையும், உடற்பகுதிகளின் அளவுகளையும் நுண்ணோக்கியில் பார்த்து, நெருங்கிய இனங்களின் மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். பாறைக்கு அடியிலேயே தங்கிவிடும் இனங்களை டார்ச் மட்டும் வைத்துக்கொண்டு காண்பதும் கடினம். வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து இடுக்குகளுக்குள் பாய்ச்சினால் சில வேளைகளில் ஒரு இடுக்கிக் கையோ வாலோ தெரியும். எனவே டார்ச்சோடு நல்ல கைலென்ஸும் சாதாரண வெள்ளை டார்ச்சும் எடுத்துச் செல்லுங்கள். உடலின் இயல்பான நிறத்தை வெள்ளை ஒளியில்தான் படமெடுக்க முடியும்.

வாங்கும்போது ரூபாய் நோட்டின் எண்கள் மீது ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். நல்ல டார்ச்சில் நோட்டின் பெரும்பகுதி மங்கலாக இருக்க, எண்கள் தெளிவாக ஒளிரும். ஊதா படர்ந்தால் வடிகட்டி தரமற்றது.

பாதுகாப்பைப் பற்றிப் பெட்டியின் மேல் எழுதியிருப்பது போதாது. 365 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மங்கலாகவே தெரிவதால் கருவிழிப்பாவை போதிய அளவு சுருங்காது; ஒளி கண்ணுக்குள் புகுந்துவிடும். ஆகவே புற ஊதாவைத் தடுக்கும் பாலிகார்பனேட் கண்ணாடி அணியாமல் பயன்படுத்தக் கூடாது, யார் முகத்திலும் அடிக்கவும் கூடாது. தேள்களும் இந்த ஒளியை விரும்புவதில்லை. கண்டதும் படமெடுத்துவிட்டு அணைத்துவிடுங்கள். காப்புக்காடுகளில் இரவில் நுழையவும் மாதிரிகளை எடுக்கவும் வனத்துறையின் அனுமதி கட்டாயம்.