பார்சல் வரவில்லை, 'டெலிவர்டு' மட்டும் வந்தது: 1915க்குப் போன் போட்ட அனுபவம்

ஏற்காட்டில் இருந்துகொண்டு ஆன்லைனில் பொருள் வாங்குகிறவர்களுக்குத் தெரிந்த கூத்துதான் இது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த டெலிவரித் தம்பிக்கு அதற்கு மேல் எஸ்டேட் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் வர மனசு வராது, ஒண்டிக்கடையில் நின்றுகொண்டு போன் அடிப்பார், டவர் கிடைத்தால் நாம் போய் வாங்கிக்கொள்வோம், கிடைக்காவிட்டால் 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று மெசேஜ் வரும். அதற்கெல்லாம் பழகிவிட்டது. இந்த முறை நடந்தது வேறு.

கையால் சுற்றி அரைக்கும் காப்பி மில் ஒன்று, 2,340 ரூபாய். (1820களில், கலெக்டர் காக்பர்ன் காலத்திலேயே காப்பிச் செடி வந்த மலையில் உட்கார்ந்துகொண்டு, அரைக்கிற மிஷினைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்கிறாயே என்று மாமா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.) விற்றவர் கோவையில் சின்னதாக வியாபாரம் செய்யும் ஒரு தம்பி, நடுவில் ஒரு பெரிய ஆப். பெயர் வேண்டாம். வியாழக்கிழமை மதியம் 2.17க்கு 'டெலிவர்டு' என்று வந்தது. அந்த நேரத்தில் நான் வாசலில்தான் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நாய்கூடக் குரைக்கவில்லை.

ஆப்பில் கேட்டால் 24 மணி நேரம் பொறுங்கள் என்றார்கள். பொறுத்தேன். அப்புறம் கேட்டால், எங்கள் பதிவில் ஒப்படைத்தாகிவிட்டது, ரீஃபண்ட் கிடையாது. விற்ற தம்பியோ, "எனக்கும் டெலிவர்டுன்னுதாங்க சார் காட்டுது, நான் என்ன பண்ணட்டும்?" என்கிறார். கூரியரில் கேட்டால் அனுப்பினவரைக் கேளுங்கள். இப்படியே நான்கு நாள் ஓடிவிட்டது.

ஐந்தாம் நாள்தான் புத்தி வந்தது. டெலிவரி கொடுத்ததற்கு அத்தாட்சியைக் காட்டுங்கள், போட்டோ எடுத்திருப்பீர்களே என்று கேட்டேன். வந்தது. வெளிர் நீல இரும்பு கேட், டைல்ஸ் ஒட்டிய படி, படியில் என் பார்சல், சுவரில் பாதி வெட்டுப்பட்ட போர்டில் '..ட்டேஜ்' என்ற எழுத்து. எங்கள் வீட்டு கேட் மரக் கேட்டுங்க, கீல் போய் சைக்கிள் ட்யூபால் கட்டி வைத்திருக்கிறோம். எனக்கு அந்த நீல கேட் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியும், போய்ப் பார்த்தேன், சீசன் கூட்டத்தில் எந்த ரூம்காரர் எடுத்துப் போனாரோ என்று வாட்ச்மேன் அண்ணன் கையை விரித்துவிட்டார். சரி, எங்கள் கேட்டையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

பிறகுதான் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை, தமிழிலேயே பேசலாம். ஆர்டர் எண், தேதி, தொகை, கம்பெனி சொன்ன பதில் இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள், நான் ஆர்டர் எண்ணைத் தேடி இரண்டு நிமிஷம் வீணாக்கினேன். புகார் எண் கொடுத்தார்கள், இரண்டு போட்டோவையும் இணையதளத்தில் ஏற்றினேன். நிறைய பெரிய கம்பெனிகள் இவர்களோடு இணைந்திருப்பதால் புகார் நேராக அங்கேயே போய்விடுகிறது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், இது கோர்ட் இல்லை, பணத்தைக் கொடு என்று உத்தரவு போட முடியாது, பேசி முடித்து வைப்பதுதான் வேலை. முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், எனக்கென்றால் சேலம், கம்பெனி இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

கூடவே இன்னொன்றும் செய்தேன். 2020 மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு ஆப்பும் குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் போட்டிருக்க வேண்டும், புகார் வந்த 48 மணி நேரத்தில் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். ஆப்பின் அடியில், பொடி எழுத்தில் அந்தப் பெயர் இருந்தது. நீல கேட், மரக் கேட், 1915 புகார் எண் மூன்றையும் ஒரே மெயிலில் அனுப்பினேன். சாட்டில் ஆறு பேரிடம் மாற்றி மாற்றிச் சொன்ன அதே கதைதான், அங்கே யாரும் போட்டோவைத் திறந்தே பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பதினொன்றாம் நாள் முழுப் பணமும் கணக்கில் ஏறியது.

அன்று சாயங்காலம் கோவைத் தம்பி கூப்பிட்டார். "சார், நீங்க கம்ப்ளெயின்ட் குடுத்ததுல இருந்து எனக்கு வரவேண்டிய பணத்தையும் நிறுத்தி வச்சிருக்காங்க. அந்த போட்டோவை எனக்கும் கொஞ்சம் அனுப்புங்க, கூரியர்ல நஷ்டஈடு கேக்கணும்." அதுவரை அவர்மேல் எனக்கு இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அனுப்பினேன், இன்னொரு மில்லுக்கும் நேராக அவரிடமே பணம் போட்டேன், ஸ்பீட் போஸ்டில் விடச் சொன்னேன். எங்கள் தபால்காரருக்கு நாயின் பெயர்கூடத் தெரியும்.

மில் எப்படி என்று கேட்பீர்கள். அரைக்கிறது. ஃபில்டருக்கு இன்னும் கொஞ்சம் நைசாக வேண்டும், ஆனால் அதற்கான திருகாணியை இறுக்கினால் இரண்டு டம்ளருக்குள் கை வலி கண்டுவிடுகிறது.