திரைக்கதையை பிளாக்செயினில் ஏற்றித் தருகிறோம் என்று 18,500 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள், உஷார்

வடபழனி, சாலிகிராமம் பக்கம் கதையை வைத்துக்கொண்டு அலைகிற உதவி இயக்குநர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். 18,500 ரூபாய் போச்சு என்பது நேற்றுதான் உறுதியானது, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. சிக்காமல் தப்பிப்பது எப்படி என்றும் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஆற்காடு சாலையில் மாடியில் ஒரு ஆபீஸ். உங்கள் கதை இன்ன தேதியில் உங்களிடம் இருந்தது என்பதற்கு யாரும் மறுக்க முடியாத ஆதாரம் தருவதுதான் அவர்கள் தொழிலாம். அங்கிருந்த பையன் என் வேர்டு ஃபைலைக் கம்ப்யூட்டரில் போட்டதும் எழுத்தும் எண்ணுமாக 64 இலக்கத்தில் ஒரு நீள வரி வந்தது, அதுதான் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ், ஃபைலுக்குக் கைரேகை மாதிரி. ஒரு வசனத்தில் ஒரே ஒரு கமாவை எடுத்துவிட்டு மறுபடி போட்டான். வரி முழுக்க வேறாகிவிட்டது. "இந்த வரி மட்டும்தான் சார் பிட்காயின் செயினுக்குப் போகும், உங்க கதையை யாரும் பார்க்க முடியாது, தேதியையும் எவனாலும் மாத்த முடியாது" என்றான். பிட்காயின் செயின் என்றால் பிட்காயினின் பிளாக்செயின், பல கம்ப்யூட்டர்களில் நகல் இருக்கிற, பின்னால் திருத்த முடியாத பொதுப் பதிவேடு. அங்கேயே ஜிபேயில் 18,500 அனுப்பினேன்.

அவன் காட்டியதில் ஒரு பொய்யும் இல்லை, அதுதான் வயிறு எரிகிறது. டிஜிட்டல் ஆவணத்துக்குத் தேதி முத்திரை குத்தும் வழியை ஹேபர், ஸ்டோர்னெட்டா என்ற இருவர் 1991லேயே எழுதிவிட்டார்கள், 2008இல் வந்த பிட்காயின் அறிக்கையிலேயே அவர்கள் பெயர் இருக்கிறது. இந்த ஆபீஸ்காரர்கள் அந்த வேலையைச் செய்யவே இல்லை, அவ்வளவுதான்.

இப்போது ஒரு தயாரிப்பு கம்பெனியோடு கதைத் தகராறு. அந்த ஆபீஸில் கொடுத்த, தங்க முத்திரை போட்ட சான்றிதழை வக்கீலிடம் கொடுத்தேன், இதை எங்கே போய்ச் சரிபார்ப்பது என்று கேட்டார். கியூஆரை ஸ்கேன் செய்தால் அவர்கள் வெப்சைட்டே திறந்து பச்சை டிக் காட்டுகிறது. ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் என் மச்சான் அதே ஃபைலுக்கு ஹாஷ் எடுத்தான், சான்றிதழில் இருந்த ஹாஷோடு முதல் நாலு எழுத்தே ஒத்துப்போகவில்லை. சான்றிதழில் இருந்த டிரான்சாக்ஷன் எண்ணை பிட்காயின் எக்ஸ்ப்ளோரரில் (அந்தச் செயினில் பதிவானதை யாரும் தேடிப் பார்க்கிற வெப்சைட்) தேடினால் அப்படி ஒன்றே கிடையாது.

போன் போட்டால் "சர்வர் மெயின்டனன்ஸ் சார், சாயங்காலம் பாருங்க." அப்புறம் "எங்க லோகோவைச் சேர்த்து ஏத்தினோம், அதான் ஹாஷ் மாறுது." சரி, அந்த லோகோ போட்ட ஃபைலையாவது கொடுங்கள் என்றால் "பேக்கப்ல தேடணும்." அப்புறம் ஒரு மேனேஜர் வந்து "அது பிட்காயின் இல்ல ப்ரோ, எங்க பிரைவேட் செயின், ரீஃபண்ட் எல்லாம் கிடையாது" என்றான். செயின் முழுக்க அவன் கையிலேயே இருந்தால் இன்றைக்கு உட்கார்ந்து போன வருஷத் தேதியைப் போட்டுக்கொள்ளலாமே, இதற்கா 18,500 ரூபாய்? இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

வக்கீலைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், அவசரமாக நாலு வரி. ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற கருவி இதே வேலையை இலவசமாகச் செய்கிறது, அது தரும் .ஓடிஎஸ் என்ற ஆதார ஃபைலையும் மூல ஃபைலையும் வைத்து யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். மூல ஃபைலைத் திறந்து மறுபடி சேவ் செய்யாதீர்கள், ஹாஷ் மாறிவிடும். இது ஃபைல் அன்றைக்கு இருந்ததற்குத்தான் ஆதாரம், எழுதியது நீங்கள்தான் என்பதற்கு அல்ல, அதனால் பதிப்புரிமைப் (காப்பிரைட்) பதிவும் செய்துவிடுங்கள், ஒரு இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய்தான். சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் புகார் கொடுத்துவிட்டேன். அதே மாடி ஏறி ஏமாந்தவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், சேர்ந்தே போய் எழுதிக் கொடுப்போம்.