டிராக் லிங்க் ரீகால்: மாதவரம் பக்கத்து சர்வீஸ் சென்டரில் இரண்டரை நாள்

எங்கள் லாரியின் ஸ்டீயரிங்கில் ஒரு பாகம் பழுதாக வந்திருக்கலாம் என்று கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிட்டு (அதுதான் ரீகால்) இலவசமாக மாற்றிக் கொடுத்த கதை இது. முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன். லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்த்த மெக்கானிக்குக்கு ஐந்துக்கு ஐந்து. ஏசி ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒன்றரை. கடைப் பெயரும் வண்டிக் கம்பெனிப் பெயரும் எழுதப் போவதில்லை. எந்த டீலரிடம் போனாலும் பாதிக்குப் பாதி இதே கதைதான் என்று லோடு இறக்கும் இடத்தில் பேசிக்கொள்கிறார்கள்.

எங்களிடம் இரண்டு லாரி. வீட்டுக்காரருக்கு முட்டி போனதிலிருந்து நான்தான் பார்க்கிறேன். பெரியது பத்துச் சக்கர வண்டி, 28 டன், 2020 மாடல். சங்ககிரிக்காரர் ஒருவரிடம் செகண்ட்ஸில் எடுத்தது. நெல்லூரில் நெல் ஏற்றிக்கொண்டு வந்து செங்குன்றம் மில்லில் இறக்கும். எங்கள் டிரைவர் அண்ணன் ஒரு நாள் தடாவில் டீ குடிக்கும்போது, இதே மாடல் வைத்திருக்கும் இன்னொரு டிரைவர், "எங்க வண்டிய ஸ்டீயரிங் வேலைக்குக் கூப்பிட்டாங்க, உங்களத கூப்பிடலையா?" என்று கேட்டிருக்கிறார். அப்படித்தான் எனக்கு விஷயமே தெரியும்.

சேஸி நம்பர் பதினேழு எழுத்தையும் கம்பெனி வெப்சைட்டில் அடித்துப் பார்த்தேன். எங்கள் வண்டியும் லிஸ்டில் இருந்தது. சங்ககிரிக்குப் போன் போட்டேன். "ஆமாங்க, ஏதோ கவர் வந்துச்சுங்க. ஃபைனான்ஸ்காரங்க அனுப்புனதுன்னு நெனச்சு எடுத்து வெச்சுட்டனுங்க" என்றார். ஆர்.சி. எங்கள் பெயருக்கு மாறி வருஷக் கணக்காகிறது. கம்பெனி கணக்கில் மட்டும் இன்னும் அவர்தான் ஓனர். செகண்ட்ஸில் வண்டி எடுத்தவர்கள் கடிதம் வரும் என்று காத்திருக்காதீர்கள்.

எந்தப் பாகம் என்று சொல்கிறேன். ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து கீழே தொங்குவது டிராப் ஆர்ம். அதையும் வலது முன்சக்கரத்துக் கையையும் இணைக்கும் தண்டுதான் டிராக் லிங்க். இடது சக்கரத்தை டை ராடு பார்த்துக்கொள்ளும். டிராக் லிங்கின் இரண்டு முனையிலும் பால் பின், அதாவது குண்டுத் தலை வைத்த பின் இருக்கிறது. அந்தப் பின் முறிந்தால் கையில் ஸ்டீயரிங் பம்பரம் மாதிரி சுற்றும், சக்கரம் அது பாட்டுக்குப் போகும். பிரேக் போனால்கூட கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஓர மண்ணில் ஏற்றி ஏதாவது செய்து பார்க்கலாம். இதில் செய்ய ஒன்றுமே இல்லை. கம்பெனியின் ரீகால் நோட்டீஸில், ஒரு குறிப்பிட்ட லாட்டில் பால் பின்னுக்குப் பதம் (இரும்பைச் சூடாக்கி உறுதி ஏற்றுவது) சரியாக ஏறவில்லை, விரிசல் விடலாம் என்று போட்டிருந்தது.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுண்டரில் இருந்த தம்பி கேட்ட முதல் கேள்வி, "சார் வரலையாம்மா?" நான்தான் ஓனர் என்றேன். அடுத்தது, "ரீகால்னு சொல்லாதீங்கம்மா, இது சர்வீஸ் கேம்பைன்." சரி, பெயர் எதுவானால் என்ன, பாகம் இருக்கிறதா என்றேன். இல்லை, வந்ததும் கூப்பிடுவார்களாம். அதுவரை லோடு ஏற்றி ஓட்டலாமா, கூடாதா? இந்த ஒரு கேள்வியை அன்றைக்கு மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் "பாத்து ஓட்டச் சொல்லுங்க" என்றார். ஒருவர் மேனேஜரைக் கை காட்டினார். மேனேஜர் சிரித்தார். ஒன்றரை மார்க் கொடுத்ததற்கு முக்கியக் காரணம் அந்தச் சிரிப்புதான். உடைந்தால் சக்கரம் திரும்பாது என்று நோட்டீஸில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, பாத்து ஓட்டு என்றால் எதைப் பார்த்து ஓட்டுவது?

வண்டியை நிறுத்திவிட்டேன். பதினோரு நாள். வண்டி நின்றால் கடன் டியூ நிற்குமா? மாதம் 41,300. மில்காரர் வேறு வண்டி பிடித்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் ஒரு மெயில் போட்டேன். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ரீகால் அதில்தான் வருகிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன, ஏழு வயதுக்குட்பட்ட வண்டிகளுக்குச் செல்லும். அதற்கு முன்னால் 2012இலிருந்து கம்பெனிகள் தாங்களாகவே வைத்துக்கொண்ட ஒரு ஏற்பாடுதான் இருந்தது. இதையெல்லாம் எங்கள் பெண்தான் தேடி எடுத்துக் கொடுத்தாள். மெயிலில் பிரிவு எண்ணைப் போட்டு, வண்டி நிற்கும் தேதியையும் போட்டு, ஓட்டலாமா என்பதை எழுத்தில் தாருங்கள் என்று கேட்டேன். எழுத்தில் பதில் இன்றுவரை வரவில்லை. ஆனால் பாகம் இரண்டே நாளில் வந்துவிட்டது.

இனி மெக்கானிக். ஐம்பது வயதிருக்கும், பேச்சு குறைவு. சக்கரம் தரையில் இருக்கும்போதே டிரைவர் அண்ணனை ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக ஆட்டச் சொல்லி, கீழே படுத்து ஒவ்வொரு ஜாயிண்டாகப் பார்த்தார். அப்புறம்தான் ஜாக்கி. பழைய லிங்கைக் கழற்ற, ரோட்டோரக் கடைகளில் இரண்டு சுத்தியலால் மாறி மாறி அடிப்பார்களே, அப்படி இல்லாமல் புல்லர் போட்டு எடுத்தார். கழற்றியதை என் கையில் கொடுத்தார். ஆட்டிப் பார்த்தேன், துளி ப்ளே (லூஸ் ஆட்டம்) இல்லை. ரப்பர் பூட் கூடக் கிழியவில்லை. "நல்லாத்தானே இருக்கு?" என்றேன். "பதம் கண்ணுக்குத் தெரியாதும்மா. பாகு மாதிரிதான், தப்பினது அப்புறம்தான் தெரியும்" என்றார்.

புதுசைப் பூட்டும்போது நான் பக்கத்திலேயே குந்திக்கொண்டேன். முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, தலையில் வெட்டு வெட்டாக இருக்கும் கேஸில் நட்டை முறுக்கினார், அளவு வந்ததும் டக்கென்று சத்தம் வந்தது. நட்டு கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின் போகும் துளையும் நட்டின் வெட்டும் நேராக வரவில்லை. வெளியே என்றால் நட்டைக் கொஞ்சம் லூஸ் செய்து பின்னைச் சொருகிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் லூஸ் செய்யவில்லை. அடுத்த வெட்டு நேராக வரும்வரை இன்னும் கொஞ்சம் முறுக்கினார். பழைய பின்னைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பின் போட்டு இரண்டு காலையும் மடக்கினார். நட்டின் மேலிருந்து ஆர்ம் வரை ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு. நட்டு நகர்ந்தால் கோடு விலகும், தினமும் காலையில் குனிந்து பார்த்தாலே போதும் என்று டிரைவர் அண்ணனிடம் சொன்னார். ஆயுத பூஜைக்கு ஸ்டீயரிங்குக்குப் பொட்டு வைக்கிறோம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறோம். குனிந்து இந்த நட்டை நான் பார்த்தது இல்லை.

பழைய லிங்க் என்ன ஆகும் என்று கேட்டேன். கம்பெனிக்குத் திரும்பிப் போகுமாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை, பழைய சாமான் கடைக்குப் போய்ப் பெயிண்ட் அடித்து இன்னொருவர் வண்டியில் ஏறிவிட்டால்? அவர் ஒன்றும் சொல்லாமல் சிவப்புப் பெயிண்டை எடுத்து நீளத்துக்கும் அடித்து, சேஸி நம்பர் எழுதிய டேக் கட்டி, கம்பிக் கூண்டுக்குள் போட்டுப் பூட்டினார். அதே மாதிரி சிவப்பாக உள்ளே ஏழெட்டு கிடந்தன.

பூட்டியதும் ஸ்டீயரிங் நேராக நிற்கிறதா, இரண்டு பக்கமும் முழுசாகத் திரும்புகிறதா, டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் லேசாக உள்நோக்கி இருக்கும் அளவு) சரியா எல்லாம் பார்த்து, காலி வண்டியை மஞ்சம்பாக்கம் வரை ஓட்டியும் பார்த்தார்கள். மெக்கானிக் செய்ததில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வேலை என்னவோ அரை நாள்தான். முன்னால் நின்ற வண்டிகளால் இரண்டரை நாள் ஆனது. டிரைவர் தூங்க இடம் கிடையாது, கேபினில்தான் படுத்தார். பாத்ரூம் சுத்தம். எதிரில் டிபன் கடை, பொங்கல் வேண்டாம், தோசை பரவாயில்லை.

கிளம்பும்போது பில்லில் அலைன்மென்ட் 1,850 ரூபாய். லிங்கை மாற்றியதால்தானே அலைன்மென்ட், அதற்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்? இருபது நிமிஷம் நின்றேன், எடுத்துவிட்டார்கள். அப்புறம் "ஜீரோ பில்தானே, பிரிண்ட் எதுக்கும்மா" என்றார் அந்தத் தம்பி. விடாதீர்கள். ரீகால் நம்பர், சேஸி நம்பர், புதுப் பாகத்தின் நம்பர், கிலோமீட்டர், தேதி எல்லாம் போட்டு சீல் வைத்த பேப்பர் கையில் இருக்க வேண்டும். நாளைக்கு வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் கேட்பார். ஆர்.சி.யோடு சேர்த்து லேமினேட் போட்டு வைத்திருக்கிறேன்.

போன வாரம் சின்ன லாரியின் நம்பரோடு மறுபடி போனேன். அது லிஸ்டில் இல்லை. இல்லை என்பதையும் பிரிண்ட் எடுத்து சீல் வைத்துக் கொடு தம்பி என்றேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, எடுத்துக் கொடுத்தார். இந்த முறை சார் எங்கே என்று கேட்கவில்லை. வேண்டுமானால் இரண்டு மார்க்காக ஆக்கிக்கொள்ளலாம்.