கோஃபர் பார்க்க லின்க்ஸா, கர்லா?

மெனு வழியாகக் கோப்புகளைத் தரும் பழைய இணைய நெறிமுறைதான் கோஃபர். 1991இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்த அதை ஃபயர்ஃபாக்ஸ் 2011லேயே கைவிட்டுவிட்டது, ஆனால் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில்) இன்னும் தாராளமாகப் பார்க்கலாம். சும்மா உலாவத்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், உரையை மட்டும் காட்டும் உலாவியான லின்க்ஸ். மெனுவை மெனுவாகவே காட்டும், அம்புக்குறி விசைகளில் மேலே கீழே போய் வலப்பக்க அம்பை அழுத்தினால் உள்ளே, இடப்பக்கம் அழுத்தினால் வெளியே. ஃப்ளட்கேப் என்ற கோஃபர் சர்வரில் இருக்கும் தேடுபொறியான வெரோனிகா-2க்குப் போனால் சொல்லைத் தட்டச்சு செய்ய இடமும் அதுவே கொடுக்கும்.

முகவரியைக் கொடுத்தால் அங்கிருப்பதை இறக்கித் தரும் கட்டளைக் கருவியான கர்ல் அப்படியில்லை. சர்வர் அனுப்பியதை அப்படியே கொட்டிவிடும்: வரியின் முதல் எழுத்து வகை (0 என்றால் உரைக் கோப்பு, 1 என்றால் மெனு, 7 என்றால் தேடல்), அப்புறம் தலைப்பு, டேப் இட்டு செலக்டர் (அந்த உருப்படியைச் சர்வரிடம் கேட்கும் பாதை), சர்வர் பெயர், போர்ட் (இணைப்பு எண்). போர்ட் பெரும்பாலும் 70தான். முகவரியிலும் அந்த வகை எழுத்தைப் பாதைக்கு முன்னால் நீங்களே போட வேண்டும், அதை மறந்தால் செலக்டரின் முதல் எழுத்தைக் கர்ல் விழுங்கிவிடும், சர்வரோ அப்படி ஒன்றும் இல்லை என்று கைவிரிக்கும். தேடுவதற்குச் சொல்லின் முன்னால் வரும் டேப்பைச் சதவீதக் குறியோடு 09 என்று எழுதுவது இன்னொரு தொல்லை.

சரி, பிறகு எதற்குக் கர்ல்? ஸ்கிரிப்ட் எழுதத்தான். கோப்பை இறக்கி, உரையைத் தேடிப் பிரிக்கும் கருவிகளான கிரெப்புக்கோ ஆக்குக்கோ தள்ள வேண்டுமென்றால் இதுதான் வசதி, 2021இல் வந்த 7.75 பதிப்பிலிருந்து டிஎல்எஸ் (மறையாக்கம் செய்த இணைப்பு) வழி கோஃபரும் உண்டு. லின்க்ஸிலும் பக்கத்தை உரையாகக் கொட்டும் டம்ப் ஆப்ஷன் இருக்கிறது, ஆனால் மெனுவைத் தன் பாணியில் அலங்கரித்துத் தருவதால் பிரித்தெடுப்பது எரிச்சல்.