சவுத் மவுண்டன் பாறைக்கு எந்தச் சைக்கிள்? கமீலியன், டால்பாய், ஸ்விட்ச்பிளேடு – ஓர் ஒப்பீடு

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகர எல்லைக்குள்ளேயே 16,000 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கிறது சவுத் மவுண்டன். சாண்ட்லர், அவட்டுக்கீ பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் பலரும் ஜன்னலைத் திறந்தால் பார்க்கிற மலை. வெயில் தணிந்ததும் அங்கே மலைச் சைக்கிள் ஓட்ட ஆசைப்பட்டு, கடைக்குப் போய், பத்து மாடல்களைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மலைக்குச் சைக்கிள் தேர்ந்தெடுக்கும்போது இறக்கத்தில் எப்படிப் பறக்கும் என்று பார்க்காதீர்கள். முழங்கால் உயரப் பாறைப் படி எதிரே வரும்போது, பெடல் மிதித்துக்கொண்டே பின் சக்கரத்தை அதன் மேல் ஏற்ற முடிகிறதா என்று பாருங்கள். மதிப்புரைகளில் பல, ஈரமண் காட்டுப் பாதைகளில் ஓட்டி எழுதப்பட்டவை. அங்கே ஏற்றம் சலிப்பான வேலை, இறக்கம்தான் விளையாட்டு. இங்கே ஏறும்போதும் அதே பாறைதான், இறங்கும்போதும் அதே பாறைதான்.

பாறையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். மலையின் மேற்குப் பாதி சுமார் 170 கோடி ஆண்டு பழைய நைஸ் பாறை. கிழக்குப் பாதி அதோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்தது, சுமார் இரண்டரைக் கோடி ஆண்டு வயதுள்ள கிரானைட் வகை. இந்த வகை வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்கிப் பட்டாணி அளவுக் குறுமணலாக உதிர்கிறது. கெட்டித் தரைமேல் இந்தக் குறுமணல், நடுநடுவே கூர்விளிம்புப் பாறைகள். பிடிமானம் ஒரு நொடி அபாரமாக இருக்கும், அடுத்த நொடி சுத்தமாக இருக்காது. பீமா கேன்யனிலிருந்து நேஷனல் டிரெயிலில் மேற்கே ஏறினால் இந்த இரண்டு நிலையையும் மாறி மாறிப் பார்ப்பீர்கள். ‘வாட்டர்ஃபால்’ என்று எல்லோரும் அழைக்கும் பாறை அடுக்கு வரும்போது பெரும்பாலானோர் இறங்கித் தள்ளுவார்கள். அதில் தப்பில்லை.

ஒப்பிட மூன்றை எடுத்துக்கொள்கிறேன். பின்னால் சஸ்பென்ஷனே இல்லாத ஹார்ட்டெயிலுக்கு சான்டா குரூஸ் கமீலியன்: அலுமினிய ஃபிரேம், முன்னால் 130 மிமீ ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன்). குறைந்த டிராவல் (சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம்) வகைக்கு அதே நிறுவனத்தின் டால்பாய்: பின்னால் 120, முன்னால் 130. நடுத்தர வகைக்கு பிவட் ஸ்விட்ச்பிளேடு: பின்னால் 142, முன்னால் 160. பிவட் நிறுவனம் ஃபீனிக்ஸுக்கு ஒட்டிய டெம்பியில்தான் இருக்கிறது. அதற்காக அதைத் தூக்கிப் பேசவில்லை. 165, 170 மிமீ டிராவல் கொண்ட மெகாடவர் போன்றவற்றைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. காரில் பியூனா விஸ்டா என்ற மலைமேல் இடம் வரை ஏறி, ஜெரானிமோ போன்ற கரடுமுரடான பாதையில் இறங்குவது மட்டுமே உங்கள் திட்டம் என்றால் அது சரி. மற்றவர்களுக்கு வீண் சுமை.

இப்போது அந்தப் பாறைப் படிக்கு வருவோம். முன் சக்கரத்தைத் தூக்கி வைத்துவிட்டீர்கள். பின் சக்கரம் விளிம்பில் முட்டுகிறது. கமீலியனில் அந்த முட்டல் ஃபிரேம் வழியாக நேரே உங்களுக்கு வருகிறது. சக்கரம் மேலே ஏற வேண்டுமானால் உங்கள் எடையும் கூடவே ஏறியாக வேண்டும். சீட்டில் உட்கார்ந்திருந்தால் உதைத்துத் தள்ளிவிடும். எழுந்து நின்று, எடையை முன்னே கொண்டுபோய், சரியான நொடியில் கால்களைத் தளர்த்தினால் ஏறும். ஆனால் எடை முன்னே போனதும் பின் டயர் குறுமணலில் சுழல ஆரம்பிக்கும். இந்த நெளிவுசுளிவைப் பழகியவர்கள் ஹார்ட்டெயிலில் அற்புதமாக ஏறுகிறார்கள், பார்க்கவே அழகு. இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு முதுகும் தொடையும் கணக்குக் கேட்கும்.

டால்பாயில் அதே படியில் சக்கரம் மட்டும் மேலே போகிறது. உடம்பு கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கிறது. உட்கார்ந்தபடியே மிதித்துக்கொண்டு போகலாம், டயர் தரையை விடாது. டால்பாயின் விபிபி என்ற பின் சஸ்பென்ஷன் அமைப்பும் ஸ்விட்ச்பிளேடின் டிடபிள்யூ-லிங்க் அமைப்பும் இந்த விஷயத்தில் நெருங்கிய உறவுக்காரர்கள். இரண்டிலும் பின் சக்கரத்தை இரண்டு சிறு இணைப்புகள் தாங்குகின்றன. செயினை இழுக்கும் விசையே ஷாக், அதாவது பின்பக்க அதிர்வுதாங்கி, அமுங்கிப்போகாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் மிதிக்கும்போது சைக்கிள் ஊஞ்சலாடாது. ஏறுவதில் 120-க்கும் 142-க்கும் நான் கண்ட வித்தியாசம், எதிர்பார்த்ததைவிடச் சிறியது. டால்பாய் மிதிக்கு உடனே பதில் சொல்கிறது. ஸ்விட்ச்பிளேடு அரை நொடி யோசிக்கிறது, ஆனால் நீங்கள் பிசகான கோட்டில் போய் முட்டினாலும் மன்னித்து ஏற்றிவிடுகிறது.

டிராவல் கூடினால் ஒரு செலவு உண்டு. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக, 30 சதவீதம் என்று வைப்போம், நீங்கள் உட்கார்ந்ததுமே அமுங்கிவிடும். 120-ல் அது 36 மிமீ, 142-ல் சுமார் 43. அந்த அளவுக்குப் பெடல் பாறையை நெருங்குகிறது. சவுத் மவுண்டனில் புதியவர்கள் கீழே விழுவதற்குப் பெரிய காரணம் செங்குத்து இறக்கமே இல்லை, ஏறும்போது பெடல் பாறையில் அடித்து நின்றுபோவதுதான். டால்பாய், ஸ்விட்ச்பிளேடு இரண்டிலும் பின் சஸ்பென்ஷன் இணைப்பில் ஒரு சிறு துண்டைத் திருப்பிப் போட்டு உயரத்தை மாற்றலாம். இந்த மலைக்கு உயர்ந்த நிலையிலேயே வைத்துவிடுங்கள். 175 மிமீ கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) வந்தால் 165 ஆக மாற்றுங்கள். பெடலுக்கு ஒரு முழு சென்டிமீட்டர் இடம் கிடைக்கும். அந்தக் காசுக்கு இதைவிடப் பயனுள்ள மாற்றம் எனக்குத் தெரியவில்லை.

பின் சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்பும் இங்கே பேச வேண்டிய பொருள். பாறைகளுக்கு நடுவே பெடலை முழுச் சுற்றுச் சுற்ற இடமிருக்காது. கால் சுற்று மிதித்து, பின்னே இழுத்து, மறுபடி மிதிப்போம். 36 பல் ராட்செட் (மிதிக்கும்போது மட்டும் சக்கரத்தைக் கவ்வும் பற்கள்) கொண்ட டிடி ஸ்விஸ் ஹப்பில் அடுத்த பல் கவ்வுவதற்கு 10 டிகிரி வரை ஆகும். 170 மிமீ கிராங்கில் அது காலுக்கடியில் சுமார் மூன்று சென்டிமீட்டர் வெற்று மிதி. இண்டஸ்ட்ரி நைனின் ஹைட்ராவில் 690 இடங்களில் கவ்வும், அதாவது அரை டிகிரி. படியின் நுனியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அந்த மூன்று சென்டிமீட்டர்தான் ஏறுவதையும் சாய்வதையும் பிரிக்கிறது. ஆனால் ஹைட்ரா விலை அதிகம். முதல் வருடத்துக்கு 36 பல் போதும்.

இறக்கத்தில் வரிசை தெளிவாகவே மாறுகிறது. நேஷனலில் கிழக்கு நோக்கி இறங்கும்போது ஸ்விட்ச்பிளேடு வேறு உலகம். 160 மிமீ ஃபோர்க்கும் அதன் தடித்த 36 மிமீ தண்டுகளும் முன் சக்கரத்தைக் கோட்டிலிருந்து விலக விடாது. டால்பாய் அதே இடத்தில் இறங்கும், எந்தக் கோட்டில் போவது என்பதை மட்டும் நீங்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேகத்தையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். கமீலியனில் இன்னொரு சிக்கல் சேர்கிறது: முன்பக்கம் மட்டும் அமுங்குவதால், இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது 65 டிகிரி என்று எழுதியிருக்கும் முன்கோணம் (ஃபோர்க்கின் சாய்வு) மேலும் நிமிர்ந்து, உங்களை முன்னே கவிழ்க்கப் பார்க்கும். கமீலியன் எடுத்தால் முன்னும் பின்னும் 29 அங்குலச் சக்கரம் உள்ளதை எடுங்கள். பின்னால் 27.5 சக்கரம் பாறைப் படியில் இன்னும் ஆழமாக முட்டும்.

டயரை விட்டுவிட்டு ஃபிரேமைப் பற்றி மட்டும் பேசுவது இந்த ஊரில் பொறுப்பில்லாத பேச்சு. மூன்று சைக்கிளிலும் முதலில் தோற்பது பின் டயர்தான். கூர்விளிம்பு டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும், இல்லையென்றால் டயர் நசுங்கி ரிம்மில் பள்ளம் விழும். மேக்சிஸ் டயரென்றால் முன்னால் 2.5 அங்குல அசெகாய் அல்லது மினியன் டிஹெச்எஃப், பின்னால் 2.4 டிஹெச்ஆர் இரண்டு. முன்னால் எக்ஸோ பிளஸ் சுவர் போதும். பின்னால் அதைவிடத் தடித்த டபிள்டவுன் சுவர் போடுங்கள். கனம் கூடும், கூடட்டும். பின்னே அதிர்ச்சி தாங்க ஏதுமில்லாத கமீலியனுக்கு இது கட்டாயம், டயருக்குள் கனத்த நுரை வளையமும் சேர்த்தால் ரிம் பிழைக்கும். 75 கிலோ எடையுள்ளவர் முன்னால் 22, பின்னால் 26 பிஎஸ்ஐ-யில் தொடங்கி, ரிம் அடிபடும் சத்தம் கேட்டால் ஒன்றிரண்டு கூட்டலாம்.

பிறகு முள். இங்கே ‘கோட்ஹெட்’ என்று திட்டப்படுவது நம் ஊர் நெருஞ்சியேதான், அதே செடி. டியூப் போட்டு ஓட்டினால் நிம்மதியே இருக்காது. டியூப்லெஸ் ஆக்கி, துளையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவத்தை ஊற்றுங்கள். இந்த வறட்சியில் அது சீக்கிரம் காய்ந்துவிடும், மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். பையில் ஒரு சீப்பு இருக்கட்டும். சோயா (cholla) என்ற முட்கள்ளி காலில் ஒட்டினால் கையால் பிடுங்கக் கூடாது, கையிலும் ஏறிக்கொள்ளும். சீப்பை அடியில் கொடுத்து நெம்பி எறிய வேண்டும்.

தண்ணீர் பற்றி ஒரு வரி: ஃபிரேமில் எத்தனை பாட்டில் மாட்டலாம் என்பதை வைத்து இங்கே எதையும் முடிவு செய்யாதீர்கள், எப்படியும் முதுகில் மூன்று லிட்டர் வேண்டும்.

பராமரிப்பில் கமீலியனுக்கு எதிராளியே கிடையாது. பின்னால் மூட்டுகள் இல்லை, பேரிங் இல்லை, ஷாக் இல்லை. மற்ற இரண்டிலும் தூசி நுழையும் மூட்டுகள் பல. ஃபோர்க் மூன்றிலும் உண்டு. ராக்‌ஷாக்ஸ் தன் ஃபோர்க்கின் கீழ்க்கால்களை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றச் சொல்கிறது. இந்தத் தூசியில் அந்தக் கணக்கைத் தாண்டவே கூடாது. ஸ்விட்ச்பிளேடில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: பின் ஹப் 157 மிமீ அகலம். மற்ற இரண்டிலும் வழக்கமான 148. ஏற்கெனவே நல்ல பின் சக்கரம் ஒன்று வைத்திருந்தால் அது இதில் பொருந்தாது.

ஆகவே யாருக்கு எது? மலையின் தெற்கு அடிவாரத்தில் ஓடும் டெசர்ட் கிளாசிக், மேசா பக்கத்து ஹாஸ் பாதைகள் – இவைதான் உங்கள் வார இறுதி என்றால் கமீலியன் போதும். மிச்சமாகும் பணத்தை டயரிலும் பிரேக்கிலும் போடுங்கள். அதில் பாறை வாசிக்கப் பழகுகிறவர்கள் பிறகு எதையும் ஓட்டுவார்கள். நாற்பதைத் தாண்டி முதுகுவலி உள்ளவர்களுக்கு மட்டும் இதைச் சொல்ல மாட்டேன்.

நேஷனல், மார்மன், ஜாவலினா என்று மலைக்குள்ளேயே சுற்றப்போகிறீர்கள், அவ்வப்போது செடோனாவின் செம்பாறைக்கும் போவீர்கள் என்றால் ஸ்விட்ச்பிளேடு வகைதான் என் தேர்வு. சான்டா குரூஸின் ஹைடவர் போன்ற நடுத்தர டிராவல் சைக்கிள்களும் இதில் அடங்கும். ஏறுவதில் டால்பாயிடம் இழப்பது கொஞ்சம், இறங்கும்போது திரும்பப் பெறுவது நிறைய. டால்பாயை நான் மதிப்பது நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்காக. பத்து மைல் பாறையும் இருபது மைல் மண்ணும் கலந்த நாளில், களைப்பு குறைவாக வீடு சேர்க்கும் சைக்கிள் அதுதான். உடல் எடை குறைந்தவர்களுக்கு, 55, 60 கிலோக்காரர்களுக்கு, 120 மிமீ தாராளம். அவர்களிடம் ஸ்விட்ச்பிளேடைத் திணிக்க மாட்டேன்.

புதிதாக வாங்கப் பணம் போதாதென்றால் பழையது வாங்கத் தயங்காதீர்கள், இந்த ஊரில் நிறைய கைமாறுகிறது. பார்க்கப் போகும்போது பெயிண்ட்டைப் பார்த்து மயங்காமல், பின் ரிம்மை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள், பள்ளம் தட்டுப்படும். சீட்டைப் பிடித்துச் சற்றே மேலே தூக்கி இறக்குங்கள். ‘டக்’ என்றால் மூட்டுகளிலோ ஷாக் புஷ்ஷிலோ ஆட்டம் இருக்கிறது, பேரிங் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கார்பன் ஃபிரேமாக இருந்தால் பெடல் அச்சுக்கு அடிப்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். பாறை அடிக்கிற இடம் அது. அங்கே விரிசல் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.